‘மூணு மாசம் வரைக்கும் யாருக்கும் சொல்லாதே’ என்கிறார் அத்தை; வார்டில் சொல்லலாமா?

கேள்வி: வணக்கங்க டாக்டர். எனக்கு 28 வயசு. சொந்த ஊர் கோபி பக்கம். கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் கீமோ டே கேரில் (புற்றுநோய் மருந்தைப் பகலில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பும் பிரிவு) நான்கு வருஷமாக ஸ்டாஃப் நர்சாக இருக்கிறேன். தினமும் பன்னிரண்டு, பதினைந்து பேருக்கு மருந்து போகும். வயலில் (மருந்துக் குப்பியில்) இருந்து எடுத்துக் கலக்குவதும் நாங்கள்தான். அதற்கென்று ஒரு அறை உண்டு. ஒரு மேஜை, ஒரு ஏசி, ஒரு பிரிட்ஜ். சாதாரணக் கையுறை, மூன்று மடிப்பு மாஸ்க், அவ்வளவுதான். போன வருஷம் எட்டாவது வாரத்தில் எனக்குக் கரு கலைந்துவிட்டது. மறுபடி முயற்சி செய்யலாம் என்று இருக்கிறோம். இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டால், “நான் இருபது வருசமா கலக்கறேன், ரெண்டு பிள்ளை பெத்துக் காலேஜுக்கு அனுப்பியாச்சு, அதெல்லாம் ஒண்ணும் ஆவாது போ” என்கிறார். வேலையை விட்டுவிடலாம் என்றால் படிப்புக் கடன் இன்னும் முடியவில்லை. போன தடவை கலைந்ததற்கு என் வேலைதான் காரணமா? இந்தத் தடவை உண்டானால் வார்டில் எப்போது சொல்வது? மூணு மாசம் முடியாமல் யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்கிறார் அத்தை. சீருடையை வீட்டில்தான் துவைக்கிறேன், அதனால் ஏதாவது வருமா என்று வீட்டுக்காரர் கேட்கச் சொன்னார்.

பதில் (மகப்பேறு மருத்துவர், ஈரோடு):

முதல் கேள்விக்கே முதலில் வருகிறேன். அதுதான் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கும். போன வருஷம் உங்கள் கரு கலைந்ததற்கு அந்த மேஜைதான் காரணமா என்று என்னால் சொல்ல முடியாது. வேறு எந்த மருத்துவராலும் முடியாது. மூன்று மாதத்துக்குள் கலையும் கருக்களில் ஏறக்குறையப் பாதி, குரோமோசோம் கணக்கு தொடக்கத்திலேயே தப்பிப்போனவை. அவற்றை யாரும் கலைக்கவில்லை, யாராலும் காப்பாற்றியிருக்கவும் முடியாது. ஸ்கேனில் இதயத்துடிப்பு நின்றது தெரியுமே தவிர, ஏன் நின்றது என்று தெரியாது. ஆகவே ‘நான்தான் வேலைக்குப் போய்க் கெடுத்துக்கொண்டேன்’ என்ற எண்ணத்தை இறக்கி வைத்துவிடுங்கள் கண்ணு. அதே சமயம், காரணம் தெரியவில்லை என்பதால் அந்த மேஜை நிரபராதி என்றும் ஆகிவிடாது.

நம் பக்கத்தில் ‘மருந்தடிக்கப் போயிருக்கார்’ என்றால் ஆள் ஆஸ்பத்திரியில் இல்லை, காட்டில் இருக்கிறார் என்று அர்த்தம். பருத்திக்கோ மஞ்சளுக்கோ பூச்சிமருந்து அடிக்கிறவர் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் தெளிப்பானைத் தோளில் மாட்டுவார். வீட்டுக்கு வந்ததும் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குவார். உங்கள் அப்பாவும் அப்படித்தான் இருந்திருப்பார். இரண்டையும் நாம் ‘மருந்து’ என்ற ஒரே சொல்லால்தான் சொல்கிறோம், ஆனால் ஆஸ்பத்திரிக்குள் வந்ததும் அந்தச் சொல்லின் நல்ல பக்கம் மட்டும்தான் நமக்கு ஞாபகத்தில் இருக்கிறது. சைக்ளோபாஸ்பமைடு, டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்துகள் வேகமாகப் பிளக்கும் செல்லைத் தேடிப்பிடித்துக் கொல்லும் பொருள்கள். நோயாளியின் உடம்பில் அவை புற்றுநோய்ச் செல்லைக் கொல்கின்றன, கூடவே முடிவேரையும் வாய்ப்புண் வரும் இடத்தையும் சேர்த்துக் கொல்கின்றன. எட்டு வாரக் கருவைவிட வேகமாகப் பிளக்கும் செல் கூட்டம் உடம்பில் வேறு ஏது? நோயாளிக்கு அந்த ஆபத்துக்கு ஈடாக உயிர் கிடைக்கிறது. உங்களுக்குக் கிடைப்பது சம்பளம் மட்டும்.

இதை யாரும் நேற்றுக் கண்டுபிடிக்கவில்லை. பின்லாந்தில் 17 மருத்துவமனைகளின் செவிலியர்களை ஆராய்ந்து 1985இல் வெளியிட்டார்கள். கருவுற்ற முதல் மூன்று மாதத்தில் இந்த மருந்துகளைக் கையாண்டவர்களுக்குக் கரு இழப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. அமெரிக்காவில் 7,482 செவிலியர்களின் கர்ப்பங்களைப் பார்த்து 2012இல் வந்த ஆய்வும் கிட்டத்தட்ட அதே இரண்டு மடங்கைத்தான் சொன்னது. 2007இல் வந்த நெதர்லாந்து ஆய்வு, அதிகம் கையாண்டவர்களுக்குக் கரு தங்கவே நாள் பிடித்தது என்றது. அமெரிக்காவின் தேசியத் தொழில்பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் 2004இல் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அபாயகர மருந்துகளின் பட்டியலை அவ்வப்போது திருத்தி, 2024இலும் புதுப்பித்திருக்கிறது.

‘இரண்டு மடங்கு’ என்றதும் வயிறு கலங்கும். கணக்காகப் பாருங்கள். அந்த அமெரிக்க ஆய்வில் மொத்தமாக நூற்றுக்குப் பத்துப் பேருக்குக் கரு கலைந்திருந்தது. மருந்து கையாண்டவர்களுக்கு அது இருபதை நெருங்கும் என்று வைத்துக்கொண்டால், மீதி எண்பது பேருக்கு நிலைக்கிறது. உங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் அந்த எண்பதில் ஒருவர். அவர் சொல்வது பொய்யில்லை. ஹெல்மெட் போடாமல் இருபது வருஷம் பெருந்துறை ரோட்டில் போய்வந்தவர் சொல்வதும் பொய்யில்லைதானே? கலைந்தவர்கள் யாரும் இன்சார்ஜ் ரூமில் உட்கார்ந்து அதைக் கதையாகச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இப்போது அந்த அறைக்குள் போவோம். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ‘ஒரு பிரிட்ஜ்’ என்ற இரண்டு சொல்தான். நான் பார்த்த ஒரு டே கேரில், வின்கிரிஸ்டின் வயல் வைத்திருந்த அதே பிரிட்ஜில் கீழ்த் தட்டில் நாலு தயிர் டப்பா இருந்தது. அரிசிம்பருப்புக்குத் தயிர் இல்லாமல் எப்படி என்று சிரித்தார்கள். மூடி பிரிக்காத புது வயலின் வெளிப்பக்கத்திலேயே மருந்துத் துகள் ஒட்டியிருக்கும் என்பதைப் பல நாடுகளில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வயலைத் தொட்ட கை பிரிட்ஜ் கைப்பிடியைத் தொடும், கைப்பிடியைத் தொட்ட கை டப்பாவைத் திறக்கும்.

இந்த மருந்து உடம்புக்குள் போக ஊசி குத்த வேண்டியதில்லை. பெரும்பாலும் தோல் வழியாகத்தான் போகிறது. அடுத்தபடி மூச்சு, அதற்கடுத்தது வாய். வெள்ளைப் பொடியாக இருக்கும் சைக்ளோபாஸ்பமைடு வயலில் நீரை ஏற்றும்போது உள்ளே அழுத்தம் கூடுகிறது. ஊசியை உருவும் அந்த நொடியில் ரப்பர் மூடியின் துளை வழியாக ஒரு தூறல் வெளியே வரும். கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் இருக்காது. ஏசிக் காற்று அதை மேஜை முழுக்கப் பரப்பும். டாக்சோரூபிசின் செவ்வரளி நிறத்தில் இருப்பதால் சிந்தினால் பதறித் துடைக்கிறோம், மற்றவை பெரும்பாலும் தண்ணீர் மாதிரி இருப்பதால் பதற்றமே வருவதில்லை. ஐவி செட்டைக் (டிரிப் குழாயை) கீமோ மருந்தாலேயே பிரைம் செய்து, அதாவது காற்றுப் போக நிரப்பி, முனையில் நாலு சொட்டு விடுவது, முடிந்த பாட்டிலில் இருந்து செட்டைப் பிடுங்குவது, எல்லாம் முடிந்ததும் கையில் சானிடைசர் தேய்ப்பது என்று எல்லா இடத்திலும் ஒரே பழக்கம்தான். சானிடைசர் கிருமியைத்தான் கொல்லும். இந்த மருந்தை அது ஒன்றும் செய்யாது, கை முழுக்கப் பூசி விடும், அவ்வளவுதான். சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும். செட்டை வெறும் சலைனால் பிரைம் செய்துவிட்டுப் பிறகு மருந்தை இணைப்பதற்கு ஒரு பைசா செலவில்லை. முடிந்த பாட்டிலைச் செட்டோடு சேர்த்தே மஞ்சள் பையில் போடுங்கள், பிடுங்கவே வேண்டாம். கீமோ கழிவுக்கு மஞ்சள் பையில் ‘சைட்டோடாக்ஸிக்’ என்று தனியாக எழுத வேண்டும் என்பது 2016 மருத்துவக் கழிவு விதியிலேயே இருக்கிறது.

உங்கள் மூன்று மடிப்பு மாஸ்க் இந்தத் தூறலுக்கு முன்னால் முந்தானை மாதிரிதான். சாதாரணக் கையுறையும் அப்படியே. கீமோவுக்குச் சோதித்த கையுறைப் பெட்டியில் ‘ஏஎஸ்டிஎம் டி6978’ என்று அச்சிட்டிருக்கும், பார்த்துக் கேளுங்கள். அதிலும் இரண்டு போட வேண்டும். உள் கையுறை கவுன் கைக்கு அடியில், வெளிக் கையுறை அதற்கு மேல். அரை மணிக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், கிழிந்தால் உடனே. கவுன் முழுக்கை வைத்து, பின்பக்கம் கட்டுகிற, ஈரம் ஊறாத ரகமாக இருக்க வேண்டும்.

ஆனால் இதெல்லாம் கடைசி வேலி. முதல் வேலி மருத்துவமனை போட வேண்டியது. மருந்தை மேஜையில் கலக்கவே கூடாது. காற்று மேலிருந்து கீழே இறங்கி, வடிகட்டி, வெளியே போகும் பயோசேஃப்டி கேபினட்டுக்குள் வைத்துத்தான் கலக்க வேண்டும். பயிற்சி பெற்ற மருந்தாளுநர் கலக்கித் தந்தால் இன்னும் நல்லது. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சில இடங்களில் ‘எங்களிடம் லேமினார் ஃப்ளோ இருக்கிறதே’ என்று பெருமையாகக் காட்டுவார்கள். அதில் காற்று பின்னாலிருந்து உங்கள் முகத்தை நோக்கி வீசும் ரகமாக இருந்தால், மருந்து சுத்தமாக இருக்கும், நீங்கள் நனைவீர்கள். காற்றுக்கு எதிரே நின்று மருந்தடிப்பது என்றால் இதுதான். ஒரு சின்ன டிஷ்யூ துண்டை உள்ளே பிடித்துப் பாருங்கள், எந்தப் பக்கம் பறக்கிறது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது நேரம். இந்தப் பதிலில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வேன் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ‘உண்டானதும் சொல்கிறேன்’ என்று இருந்தால் பாதிக் காலம் போய்விடும். நாள் தள்ளிப்போய், இரண்டு நாள் பொறுத்து, கடையில் கிட் வாங்கிப் பார்ப்பதற்குள், கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணினால், நான்கரை, ஐந்து வாரம். மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகப்போகும் குழாய் ஆறாவது வாரத்தில் மூடிவிடும். இதயம் அதே வாக்கில் துடிக்கத் தொடங்கும். நீங்கள் இரண்டு கோட்டைப் பார்த்துச் சந்தோஷப்படும் நாளில் குழந்தையின் அஸ்திவாரம் பாதி போட்டாகிவிட்டது. அதனால் மாற்று வேலையைக் கேட்க வேண்டியது இப்போது, முயற்சி தொடங்கும் முன்னால். மூன்று மாதம் முன்னதாகவே கேளுங்கள் என்பது என் பழக்கம். ஒரு கருமுட்டை கடைசிக் கட்டமாக முதிர்ந்து வர ஏறத்தாழ அவ்வளவு காலம் ஆகும். விந்தணு உருவாக இரண்டரை மாதம் பிடிக்கும். ஆகவே உங்கள் வார்டில் அப்பாவாக நினைக்கும் ஆண் நர்ஸ் யாராவது இருந்தால் அவருக்கும் இது பொருந்தும். பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும்தான், ஏனென்றால் சைக்ளோபாஸ்பமைடு தாய்ப்பாலில் போகும்.

அத்தை சொல்வது புரிகிறது. மூன்று மாதத்துக்குள் கலைந்துபோவது அதிகம் என்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் ‘மூணு மாசம் சொல்லாதே’ என்று அந்தக் காலத்துப் பெண்கள் வைத்தார்கள். ஊரெல்லாம் சொல்லிவிட்டு, பிறகு ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல முடியாதே. அத்தையின் பேச்சை ஒறம்பரைகளிடமும் (உறவினர்களிடமும்) பக்கத்து வீட்டிலும் தாராளமாகக் காப்பாற்றுங்கள். ஆனால் இன்சார்ஜ் சிஸ்டர் ஒறம்பரை இல்லை. மருந்தால் ஆபத்து அதிகமும் இதே மூன்று மாதத்தில்தான். அத்தையிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: பூச்சிமருந்து கலக்கிற ஆளிடம் மட்டும் சொல்லித்தான் ஆக வேண்டுமுங்க என்று.

எங்கே மாற்றுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ‘சரி, சிஎஸ்எஸ்டிக்குப் (கருவிகளைக் கிருமிநீக்கும் பிரிவு) போய்க்கோ’ என்றால் கேள்வி கேளுங்கள். அங்கே எத்திலீன் ஆக்சைடு வாயுவில் கருவிகளைச் சுத்தம் செய்கிறார்கள் என்றால் வேண்டாம். அதற்கும் கரு இழப்புக்கும் உள்ள தொடர்பைப் பின்லாந்துக்காரர்கள் 1982லேயே எழுதிவிட்டார்கள். இதயக் குழாய்களை எக்ஸ்ரே வைத்துப் பார்க்கும் கேத் லேபும் வேண்டாம், அங்கே கதிர்வீச்சு. ஐசியூ என்றால், மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூபில் ஊற்ற மாத்திரையை நசுக்கும் வேலை உங்களுடையதா என்று பாருங்கள். மைக்கோபினோலேட், வால்ப்ரோயேட், மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரைகள் அந்த நியோஷ் பட்டியலில் இருக்கின்றன, அவற்றை நசுக்கினால் பொடி பறக்கும். கன்சிக்ளோவிர் ஊசியும் அப்படியே. அவுட் பேஷண்ட் பிரிவோ, பொது வார்டோ, அதே டே கேரிலேயே பதிவும் நோயாளிக்கு விளக்கம் சொல்லும் வேலையுமோ போதும்.

இதில் என் துறைக்காரர்களும் யோக்கியர்கள் இல்லை. கருக்குழாயில் தங்கிய கர்ப்பத்தைக் கரைக்க மெத்தோட்ரெக்ஸேட் ஊசி போடுவது நாங்கள்தான். மேற்படிப்புக் காலத்தில் லேபர் வார்டு மேஜையில், வெறுங்கையோடு அதை ஏற்றியிருக்கிறேன். சிரிஞ்சிலிருந்து காற்றை வெளியேற்றும்போது மஞ்சளாக ஒரு சொட்டு மணிக்கட்டில் விழுந்தது. கோட்டில் துடைத்துக்கொண்டு போய்விட்டேன். ஒரு கர்ப்பத்தைக் கரைக்கும் மருந்து என்று தெரிந்தே கையில் பிடித்திருந்தேன், அது என் தோலுக்கும் தெரியும் என்று அப்போது தோன்றவில்லை. சொல்லித் தரவும் ஆள் இல்லை.

வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுங்கள். நர்சிங் சூப்பிரண்டெண்டுக்கு நாலு வரி போதும்: “நான் கருத்தரிக்கத் திட்டமிட்டிருக்கிறேன். கீமோ மற்றும் அபாயகர மருந்துகளைக் கலப்பது, செலுத்துவது, சிந்தியதைத் துடைப்பது, அம்மருந்து பெற்ற நோயாளிகளின் கழிவுகளைக் கையாள்வது ஆகிய பணிகளிலிருந்து விலக்கி, மாற்றுப் பணி தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.” தேதி போட்டு, ஒரு நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வீட்டில் வையுங்கள். முடிந்தால் உங்களோடு வேலை செய்யும் இரண்டு பேரும் சேர்ந்து, கேபினட்டும் கையுறையும் கேட்டு இன்னொரு கடிதம் கொடுங்கள். அதில் யார் பிள்ளை பெறப்போகிறார்கள் என்ற பேச்சே வேண்டாம். வெறும் பாதுகாப்புக் கடிதம்.

சட்டம் எவ்வளவு தூரம் வரும் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். கர்ப்பத்தைப் பாதிக்கும் வேலை தரக்கூடாது என்று 1961 மகப்பேறு நலச் சட்டக் காலத்திலிருந்தே விதி இருக்கிறது, ஆனால் அது பிரசவத் தேதிக்கு முந்தைய சுமார் பத்து வாரத்துக்கானது. உங்களுக்கு வேண்டிய முதல் மூன்று மாதத்துக்கு அதில் பிடி இல்லை. அதனால்தான் கடிதத்தையும் நிர்வாகத்தின் மனசாட்சியையும் நம்ப வேண்டியிருக்கிறது. இன்னொரு உரிமை கெட்டியாகவே இருக்கிறது: கரு கலைந்தால் மருத்துவச் சான்றோடு ஆறு வாரம் சம்பளத்துடன் விடுப்பு. போன வருஷம் உங்களுக்கு எத்தனை நாள் கொடுத்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. என்னிடம் வரும் சிஸ்டர்கள் மூன்று நாள், நான்கு நாள் என்றுதான் சொல்கிறார்கள், அதுவும் கேஷுவல் லீவில்.

வேலையை விடச் சொல்லி நான் சொல்லமாட்டேன். கடன் இருக்கும்போது கையில் இருக்கும் சம்பளமும் உடம்புக்கு ஒரு மருந்துதான். கலப்பதை நிறுத்துங்கள், வேலையை வைத்துக்கொள்ளுங்கள். எழுதிக் கொடுத்தும் மாற்ற மறுத்தால் மட்டும், கீமோ இல்லாத வேறு மருத்துவமனையில் வேலை தேடுங்கள். கோவையிலும் ஈரோட்டிலும் நான்கு வருஷ அனுபவமுள்ள நர்சுக்குக் கதவு அடைத்துக் கிடக்காது.

பரிசோதனை பற்றிச் சுருக்கமாக. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்த அணு எண்ணிக்கை எடுத்து ‘நார்மல்’ என்று கையில் கொடுப்பார்கள். மருந்து உடம்பில் ஏறவில்லை என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. ஒரே ஒரு தடவை கலைந்திருப்பதால் பெரிய பரிசோதனைகளும் இப்போது வேண்டாம். தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை பார்த்துவிட்டு, ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் தினம் ஒன்று தொடங்குங்கள். கர்ப்பத்துக்குத் தயாராகும் எல்லாப் பெண்களுக்கும் தருவதுதான் அது. மாத்திரை போடுகிறேனே, மருந்து கலக்கலாமே என்று யாராவது கணக்குப் போட்டால் தவறு.

வீட்டுக்காரர் கேட்டதற்கு: சீருடை மேல் கவுன் போட்டு, கவுனை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு வந்தால், சீருடையை வீட்டில் தனியாக ஒரு தடவை துவைத்தால் போதும். குழந்தைத் துணியோடு சேர்க்க வேண்டாம். மருந்து பட்டுவிட்டது என்று தெரிந்த துணியை வீட்டுக்கே கொண்டுவரக் கூடாது. அப்படிப்பட்ட நாளில் தோலைச் சோப்புப் போட்டுக் கழுவி, கண்ணில் தெறித்திருந்தால் பதினைந்து நிமிஷம் தண்ணீரில் அலசி, சம்பவப் பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

கீமோ போட்ட நோயாளியின் சிறுநீரிலும் வாந்தியிலும் குறைந்தது 48 மணி நேரம் மருந்து வரும். பெட்பேனை எடுத்துக் கொட்டுவது உங்கள் வார்டில் யார் என்று நீங்கள் எழுதவில்லை. அந்த ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கு என்ன கையுறை கொடுக்கிறார்கள், அவருக்கு வயது என்ன என்று விசாரித்துவிட்டு, பாதுகாப்புக் கடிதத்தில் அவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.